கரித்தூளுக்கு எந்த மெஷின், கடலைத் தொலிக்கு எந்த மெஷின்?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேல மரத்தில் கரிமூட்டம் போட்டு விற்கிறோம். மாதம் 12 டன் வரை தூள் கரி தேங்கிவிடுகிறது. பக்கத்தில் கடலை உடைக்கிற மில்லும் மர அறுவை மில்லும் இருப்பதால் கடலைத் தொலியும் மரத்தூளும் மாதம் ஏழெட்டு டன் கிடைக்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித் தூளும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். எல்லாவற்றையும் கலந்து கட்டியாக அடிக்க 90 மி.மீ. விட்டத்தில் கட்டி போடும் பிஸ்டன் பிரஸ் ஒன்றே போதும், பசை எதுவும் வேண்டாம் என்கிறார் மெஷின் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நல்ல மெஷின்தான், ஆனால் உங்கள் சரக்குக்கு ஆகாது.

பிஸ்டன் பிரஸ்ஸில் பசை இல்லாமல் கட்டி நிற்பதற்குக் காரணம் மரத்திலும் தொலியிலும் இயல்பாகவே இருக்கும் லிக்னின். தண்டு அடிக்கிற அடியில், அச்சுக்குள் உரசுகிற சூட்டில், லிக்னின் இளகி துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. வெளியே வந்து ஆறியதும் இறுகிவிடுகிறது. கரித்தூளில் அந்த லிக்னின் கிடையாது, மூட்டத்திலேயே வெந்து போய்விட்டது. எத்தனை டன் அழுத்தம் கொடுத்தாலும் வெளியே வந்த கையோடு உதிரும். தொலியோடு கலந்து அடித்தாலும் தூள் கரி கூடக்கூட கட்டி பொடியும். பொடியாமல் நின்றாலும் புகையும். கரி கேட்டு வருகிற தந்தூரி அடுப்புக்காரர் புகைகிற கட்டியை இரண்டாவது தடவை வாங்க மாட்டார்.

அளவையும் பாருங்கள். 90 மி.மீ. பிரஸ் மணிக்கு ஒரு டன்னுக்குக் குறையாமல் தின்னும். எட்டு மணி நேரம், 25 நாள் என்று வைத்தால் மாதம் 200 டன் தொலி வேண்டும். உங்களிடம் எட்டு டன் இருக்கிறது. மிச்சத்தை லாரி வைத்து ஊர் ஊராகத் தேட வேண்டியதுதான். திருப்பூர் சாயப்பட்டறை பாய்லர்களுக்குக் கட்டி அனுப்புகிறவர்கள் அப்படிச் செய்கிறார்கள். அது தனித் தொழில், அதில் லாபம் மூலப்பொருள் வாங்குகிற சாமர்த்தியத்தில்தான் இருக்கிறது.

அதனால் தூள் கரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 12 டன் என்றால் ஒரு நாளைக்கு 480 கிலோ, 500 என்றே வைத்துக்கொள்ளலாம். இதற்கு வேண்டியது பசை சேர்த்து, குறைந்த அழுத்தத்தில், சூடு இல்லாமல் பிதுக்கித் தள்ளும் திருகு எக்ஸ்ட்ரூடர். 7.5 எச்.பி. மோட்டார் உள்ளது தாராளம். தலையணை வடிவில் கட்டி போடும் இரட்டை உருளை பிரஸ்ஸும் உண்டு. பார்க்க அழகான சரக்கு வரும். ஆனால் இரண்டு உருளையின் குழிகளும் முடி அளவு விலகாமல் நேருக்கு நேர் நிற்க வேண்டும், உள்ளே போகும் கலவையின் ஈரம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். நாளுக்கு ஐந்து டன்னுக்கு மேல் ஓட்டுகிறவர்கள் அதைப் பற்றி யோசிக்கலாம்.

மெஷினுக்கு முன்னால் மண்ணைக் கவனியுங்கள். மூட்டத்தின் அடியில் கூட்டி அள்ளிய தூளில் மணல் கட்டாயம் இருக்கும். மணல் சேர்ந்தால் சாம்பல் ஏறும், கட்டி எரிந்த பிறகும் அடுப்பை அடைத்துக்கொண்டு நிற்கும், எக்ஸ்ட்ரூடர் திருகையும் அரைத்துத் தின்றுவிடும். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கைப்பிடி தூளைப் போட்டுக் கலக்கி விடுங்கள். கரி பெரும்பாலும் மிதக்கும், மணல் உடனே அடியில் படியும். விரல் தடிமனுக்கு மணல் படிந்தால் அந்தத் தூளை அப்படியே பயன்படுத்தக் கூடாது, சலித்தே ஆக வேண்டும். மண் பெரும்பாலும் மிகப் பொடியான பகுதியில்தான் சேரும் என்பதால் நைஸ் சல்லடையில் இறங்குவதைத் தனியாக எடுத்து, அதற்கு மட்டும் இதே டம்ளர் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து முடிவெடுங்கள். மேலே நிற்கும் துண்டுகளை, சுத்தியல்கள் சுழன்று நொறுக்கும் ஹேமர் மில்லில் 3 மி.மீ.க்குக் கீழே உடைத்துக்கொண்டால் போதும். எல்லாவற்றையும் மாவாக்கினால் பசை அதிகம் குடிக்கும்.

பசைக்கு மரவள்ளிக் கிழங்கு மாவைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருப்பதால் நமக்கு எளிதாகக் கிடைக்கும். 100 கிலோ தூளுக்கு ஐந்து கிலோ மாவில் ஆரம்பியுங்கள். மாவை முதலில் ஐந்தாறு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற 20 லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கிண்டுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்போதுதான் பசை ஆகிறது. அதற்கு முன்பே இறக்கினால் மாவு வெறும் மாவாகவே கிடக்கும், கட்டி நிற்காது. சூட்டோடு தூளில் கொட்டி, பிசைகிற வகை பான் மிக்ஸரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். கான்கிரீட் கலக்கும் டிரம் இதற்கு ஒத்துவராது, உருண்டை உருண்டையாகத் திரட்டிவிடும்.

பதம் பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அந்த உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது, தட்டையாகப் படிந்தால் தண்ணீர் ஜாஸ்தி.

மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு, மலிவு என்று சொல்வார்கள். மாவைப் போல இரண்டு மூன்று மடங்கு சேர்க்க வேண்டும், எரிய ஆரம்பிக்கும்போது புகையும். களிமண் சேர்க்கிறவர்களும் உண்டு. அது எரியாத பொருள், சேர்க்கிற ஒவ்வொரு கிலோவும் சாம்பலாகவே மிஞ்சும்.

பலரும் கணக்கில் விடுவது காய வைக்கிற இடம். 500 கிலோ தூள், மாவு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து தினம் 650 கிலோ ஈரக் கட்டி வெளியே வரும். ஒற்றை வரிசையில் இடைவெளி விட்டுப் பரப்பினால் ஒரு சதுர அடிக்கு ஒன்றரைக் கிலோ பிடிக்கும். அப்படியென்றால் ஒரு நாள் சரக்குக்கு 430 சதுர அடி. காய நான்கு நாள் ஆகும் என்று வைத்தால் 1,700 சதுர அடிக்கு மேல் தட்டு வேண்டும். முதல் நாள் நிழலில் வையுங்கள். உங்கள் ஊர் வெயிலில் நேராகப் போட்டால் மேல்பக்கம் இறுகி, உள் ஈரம் வெளியே வர வழியில்லாமல் வெடிப்பு விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே காய வைக்க முடியாது. மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை ஷீட் போட்ட உலர்த்தும் கொட்டகைக்கோ சூடான காற்று ஓட்டும் அறைக்கோ கட்டாயம் ஒதுக்குங்கள். அறையை 60 டிகிரியில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினால் போதும்.

அடுத்து, கடலைத் தொலியும் மரத்தூளும். இரண்டும் சேர்ந்த எட்டு டன்னுக்குத் தனி மெஷின் வாங்குவது வீண். தொலியை மூடிய டிரம்மில் கரியாக்கி உங்கள் தூளோடு சேர்த்துவிடலாம். 100 கிலோவுக்கு 25 முதல் 30 கிலோ கரி கிடைக்கும். இல்லையென்றால் அப்படியே பாய்லர் கட்டி அடிப்பவருக்கு விற்றுவிடுங்கள், அவருக்குக் காய்ந்த கடலைத் தொலி நல்ல சரக்கு. மரத்தூள் விஷயத்தில் ஈரம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பிரஸ்ஸுக்கு 8 முதல் 12 சதவீத ஈரமே சரி. பச்சை மரம் அறுத்த தூளில் 40 சதவீதம்கூட இருக்கும். அதில் ஒரு டன்னை 10 சதவீதத்துக்குக் கொண்டுவர 333 கிலோ தண்ணீரை விரட்ட வேண்டும், மிஞ்சுவது 667 கிலோதான். ஒரு கிலோ தண்ணீருக்கு 1,000 கிலோகலோரி என்று உலர்த்தியின் இழப்போடு கணக்குப் போட்டால், அதற்கே 80 கிலோவுக்கு மேல் விறகு எரியும். ஈரத்தோடு அடித்தால் அச்சுக்குள் நீராவி சேர்ந்து கட்டி வெடித்துச் சிதறும். பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக் கலந்த தூளை எதிலும் சேர்க்காதீர்கள். அந்தப் புகை சாப்பாட்டில் போய் உட்காரும்.

பழுப்பு நிலக்கரியின் கதை வேறு. தோண்டி எடுக்கும்போது ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அதை 15 சதவீதம் அளவுக்கு உலர்த்தி, மிக அதிக அழுத்தத்தில் அடித்தால் பசை இல்லாமலே கட்டியாகும். ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இப்படி அடித்து வீட்டு அடுப்புக்கு விற்றார்கள். நெய்வேலியிலும் கட்டியாக அடித்து, பிறகு கரியாக்கி, லீகோ என்ற பெயரில் விற்ற காலம் உண்டு. கரியாக்குகிற அந்த இரண்டாவது வேலை இல்லாமல் விற்றால் புகையும் கந்தக நெடியும் வரும். உங்கள் தூளில் இதைக் கலந்தால் நல்ல கருவேலக் கரியின் பெயரும் சேர்ந்து கெடும். உலர்ந்த பழுப்பு நிலக்கரித் தூள் குவியலில் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் சுபாவம் உள்ளது. புதிதாக எடுத்த கரித்தூளுக்கும் அது உண்டு. மூட்டம் பிரித்த தூளை ஒரு நாளாவது மெல்லிசாகப் பரப்பி ஆற விட்ட பிறகே அரைவைக்குக் கொண்டுபோங்கள். அரைக்கிற இடத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது, ஆட்களுக்கு மாஸ்க் கட்டாயம்.

எக்ஸ்ட்ரூடர் வாங்கப் போகும்போது உங்கள் தூளிலேயே நான்கைந்து மூட்டையும் மாவும் கையோடு எடுத்துப் போங்கள். அவர்கள் வைத்திருக்கும் சாம்பிளை ஓட்டிக் காட்டுவதில் பயனில்லை. உங்கள் கலவையை ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டச் சொல்லி, எத்தனை கிலோ வந்தது, மீட்டரில் எவ்வளவு யூனிட் ஓடியது என்று எழுதிக்கொள்ளுங்கள். திருகைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். தேய்ந்த திருகுக்கு உள்ளூரிலேயே ஹார்ட் ஃபேசிங் வெல்டிங் (தேயாத கடின உலோகப் பூச்சு) வைக்க முடியுமா என்று கேளுங்கள், மாற்றுத் திருகு ஒன்றையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். வந்த கட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து நன்றாகக் காய வைத்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போட்டுப் பாருங்கள். மூலை உதிர்ந்தால் பரவாயில்லை, நடுவில் உடைந்தால் மாவை ஆறு, ஏழு கிலோ என்று ஏற்றிப் பார்க்க வேண்டும். மாவுப் பசைக் கட்டி தண்ணீர் பட்டால் கரையும், ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். அதனால் எட்டு சதவீத ஈரத்துக்குக் கீழே வந்த பிறகு, உள்ளே பிளாஸ்டிக் உறை வைத்த சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.