ஒரு புள்ளிக்கு எவ்வளவு விழுந்தது?

கேள்வி இது: "வெளிநாட்டுக்கு அமைதிப்படை அனுப்புவது, அரசுப் பணத்தில் அருங்காட்சியகம், சிலை, மண்டபம் கட்டுவது என்று எதைப்பற்றிக் கேட்டாலும் சபையில் அமைச்சர்கள் எதையோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தப் பதில்களால் சாதாரண ஆளுக்கு ஏதாவது பயன் உண்டா?"

உண்டு. நான் காரைக்குடியில் டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிற பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறவன், வாரத்துக்கு நாலைந்து நாடாளுமன்றப் பதிலாவது படிக்காமல் எனக்குத் தூக்கம் வராது, வீட்டில் இதை வியாதி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். "எத்தனை, எப்போது, யார் பணம்" என்று கேட்ட இடத்தில் ஏதாவது கிடைத்திருக்கிறது. "ஏன்" என்று கேட்ட இடத்தில் கிடைத்து நான் பார்த்ததில்லை.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் காலை 11 மணிக்கு முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, குறியிடாதது 230. குறியிட்டதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்லணும், துணைக் கேள்வியும் வரும். மற்றதற்கு எழுத்தில் பதில். குறைந்தது 15 நாளுக்கு முன்னால் கேள்வியைக் கொடுக்க வேண்டும், குலுக்கலில் விழ வேண்டும், 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்விக்கு மேல் தாண்டுவது அபூர்வம். டிவியில் நாம் பார்க்கிற கூச்சல் எல்லாம் அந்த ஐந்தாறில்தான். மீதி இருநூற்றுச் சொச்சம் பதில்கள் சத்தமில்லாமல் மேசையில் வைக்கப்பட்டு இணையத்தில் ஏறிவிடும், யாரும் சீந்த மாட்டார்கள். நான் படிப்பது அதைத்தான்.

படைக்கும் காட்சிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம், கேட்டவர் ஏன் ரெண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார் என்று முதலில் எனக்கும் தோன்றியது. அப்புறம் யோசித்தால் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். ரெண்டுமே கிளம்பும்போது ஒரு கணக்கு, முடியும்போது ஒரு கணக்கு. இதற்கு நான் வகுப்பில் சொல்கிற உதாரணம் 2000-ஆம் வருஷத்து பிரிட்டன்.

அந்த வருஷம் லண்டனில் மில்லேனியம் டோம் என்று கிரீனிச்சில் ஒரு பெரிய கூடாரத்துக்குள் கண்காட்சி நடந்தது. லாட்டரி நிதியிலிருந்து முதலில் ஒதுக்கியது 39.9 கோடி பவுண்டு, அது போகத் திருப்பித் தருவதாகச் சொல்லி 5 கோடி. வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வந்தது சுமார் 65 லட்சம் பேர். திறந்த பிறகு அந்த ஒரே வருஷத்தில் நாலு தடவை கை நீட்டி இன்னும் 17.9 கோடி வாங்கினார்கள், கடைசியில் லாட்டரிப் பணம் மொத்தம் 62.8 கோடி பவுண்டு. பொறுப்பு அமைச்சர் ஃபால்கனர் பிரபு மேலவைக்காரர் என்பதால் மக்கள் தேர்ந்தெடுத்த சபையில் எழுந்து பதில் சொல்ல அவரால் முடியாது, பிரபுக்கள் சபையில்தான் சொல்ல முடியும். இதிலேயே பாதி வசதி. ஒவ்வொரு தவணைக்கும் கேள்வி வந்தது. வரிப்பணம் இல்லை, லாட்டரிப் பணம்தான் என்பது ஒரு பதில். அந்த வட்டாரத்துக்கு வேலைவாய்ப்பு, பாழாய்க் கிடந்த நிலத்துக்கு உயிர் என்பது இன்னொன்று. ரெண்டுமே பொய் கிடையாது. ஆனால் லாட்டரிச் சீட்டை வாங்கியவன் யார், பிரபுக்களா வாங்கினார்கள்?

அதே 2000 மே மாதம் சியரா லியோனில் கலகக்காரர்கள் ஐ.நா. அமைதிப்படை ஆட்கள் ஏறத்தாழ 500 பேரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிரிட்டன் தன் படையை அனுப்பியது. முதலில் சொன்னது, நம் குடிமக்களை அங்கிருந்து கூட்டி வரப் போகிறோம் என்று. போன இடத்தில் விமான நிலையத்தைப் பிடித்து வைத்தார்கள், தலைநகரைக் காத்தார்கள், வேலை கூடிக்கொண்டே போனது. அந்தப் படை ஐ.நா. கட்டளைக்குக் கீழும் இல்லை. "எப்போது திரும்புவார்கள், எதுவரை போவார்கள்" என்ற கேள்விக்கு வந்த பதில்களையும் டோமுக்கு வந்த பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஊர்ப்பெயரை மறைத்துவிட்டால் எது எதற்கு என்று பிரிப்பது கஷ்டம்.

அந்த சியரா லியோனில் நம் ஆட்களும் இருந்தார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஐ.நா. படையின் தளபதியே மேஜர் ஜெனரல் விஜய் ஜெட்லி, இந்தியர். கைலாஹுன் என்ற ஊரில் இந்திய வீரர்கள் 220-க்கும் மேல் ரெண்டு மாதத்துக்கு மேல் முற்றுகையில் கிடந்து, ஜூலை மத்தியில் 'ஆபரேஷன் குக்ரி' நடத்தித்தான் மீட்கப்பட்டார்கள். செப்டம்பரில் படையைத் திரும்பப் பெறப்போவதாக இந்தியா அறிவித்தது.

இந்த இடத்தில் ஒரு நாள் வகுப்பு நின்றுவிட்டது. நான் வகுப்பு எடுப்பது ஒரு பழைய செட்டியார் வீட்டு முகப்பில், வாடகைக்கு. வீட்டுக்கார ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, வளவு வாசலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். டோம் கதையை நான் முடித்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது: "அது கெடக்கட்டும் தம்பி, ஒரு புள்ளிக்கு எவ்வளவு விழுந்துச்சுன்னு சொல்லு."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தார் வழக்கத்தில் கல்யாணம் ஆன ஒரு தம்பதி ஒரு புள்ளி. நகரக் கோயில் செலவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று புள்ளி வரி போடுவார்கள். எத்தனை லட்சத்துக்குத் திருப்பணி என்றாலும் ஆச்சி கேட்பது மொத்தத்தை இல்லை, புள்ளிக்கு எவ்வளவு என்பதைத்தான். ஒரு பையன் செல்பேசியில் போட்டுப் பார்த்தான். 62.8 கோடியை 65 லட்சத்தால் வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 97 பவுண்டு. பெரியவருக்கு டிக்கெட் 20 பவுண்டு. முதலில் போட்ட கணக்குப்படி பார்த்தால் தலைக்கு 33 பவுண்டுதான் விழுந்திருக்கும். ஆச்சி "ம்" என்று மட்டும் சொன்னார்கள். நான் அரை மணி நேரம் கத்தியது அந்த ஒரு வகுத்தலில் அடங்கிப்போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதிலிருந்து எந்த அமைச்சர் பதிலைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது வகுக்கும் எண்ணைத்தான். பெரும்பாலும் அது மட்டும் இருக்காது. "இத்தனை கோடி ஒதுக்கப்பட்டுள்ளது" இருக்கும், எத்தனை பேர் வந்தார்கள் இருக்காது. வந்தவர்கள் எண்ணிக்கை இருந்தால் செலவு வேறு பதிலில் இருக்கும். அடுத்துத் தேடுவது எந்தத் தலைப்பில் வந்த பணம் என்பதை. குஜராத்தில் 182 மீட்டர் படேல் சிலைக்கு மத்திய அரசின் எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் ஐந்து சேர்ந்து சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 146.83 கோடி கொடுத்ததைத் தணிக்கைத் துறை 2018-இல் எடுத்துச் சொன்னது. லாட்டரிப் பணம் என்று லண்டனில் சொன்னதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. கீழடி அருங்காட்சியகம் எங்கள் மாவட்டம்தான், 2023 மார்ச்சில் திறந்தது, பதினெட்டு கோடிச் சொச்சம், செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம், வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன். பிடித்தது என்பதற்காகப் புள்ளிக் கணக்குக் கேட்காமல் விடக் கூடாது என்று அவர்களிடமும் சொல்வேன்.

படை விஷயத்தில் வகுக்கும் எண் வேறு மாதிரி வரும். ஐ.நா. படைக்கு ஆள் அனுப்பினால் ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்று ஐ.நா. அந்த நாட்டு அரசுக்குத் திருப்பிக் கொடுக்கும், 2018 ஜூலையிலிருந்து 1,428 டாலர், அப்புறம் சிறிது கூடியது. பணம் அரசுக்குத்தான் வரும், வீரர் கைக்கு நேராக வராது, அதுவும் பல சமயம் தாமதமாக வரும். இதுவரை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஐ.நா. பணிக்குப் போயிருக்கிறார்கள், 160-க்கும் மேற்பட்டோர் உயிரை விட்டிருக்கிறார்கள். அதனால் அங்கே "பாக்கி எவ்வளவு" என்பது நல்ல கேள்வி.

1987-இல் இலங்கைக்குப் போன படைக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. அது ஐ.நா. படை இல்லை, ரெண்டு அரசுகள் ஒப்பந்தம் போட்டு இந்தியா தன் செலவில் அனுப்பியது. ஆயுதங்களை ஒப்படைக்க வைத்துவிட்டுச் சீக்கிரம் திரும்பலாம் என்று போனவர்கள் 32 மாதம் இருந்தார்கள், 1990 மார்ச்சில்தான் கடைசிக் கப்பல் வந்தது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அங்கிருந்த தமிழர்கள் பட்டது தனிக் கதை, அது எந்த அமைச்சர் பதிலிலும் முழுசாக வந்ததில்லை.

என் சித்தப்பா அந்தப் படையில் இருந்தார். சிக்னல் பிரிவு. புதுவயல் பக்கம் எங்கள் ஊர். காலை ஏழேகால் டெல்லித் தமிழ்ச் செய்திக்கு அப்பத்தா ரேடியோவை மடியில் வைத்துக்கொள்ளும், நான் அப்போது ஆறாம் வகுப்பு. சபையில் அமைச்சர் இத்தனை பேர் இறந்தார்கள், இத்தனை பேர் காயம் என்று சொன்னதாகச் செய்தி வந்தால் அப்பத்தா என்னைப் பார்த்து, "அந்தக் கணக்குல நம்ம பய சேத்தியாடா?" என்று கேட்கும். எனக்கு என்ன தெரியும். "இல்லை அப்பத்தா" என்பேன். தபால் வர மூன்று வாரம் ஆகும், அதுவரை அந்த "இல்லை"தான் வீட்டில் ஓடும். இதனால்தானோ என்னவோ, அமைச்சர் பதில் எல்லாம் வெறும் பேச்சு என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. ஒரு வீட்டில் மூன்று வாரத்துக்கு அது தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். உங்கள் எம்.பி.க்கு எழுதி அவர் மூலமாகக் கேட்கலாம், சிலர் கேட்பார்கள். "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைத் துரத்த அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, நம் சட்டமன்றத்திலும் இருக்கிறது. "இவ்வினா எழவில்லை" என்று வந்தால் கேள்வியின் முதல் பிரிவை நீங்கள் "ஆமா, இல்லையா" என்று கேட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அவர் "இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த நாலு பிரிவையும் ஒரே அடியில் சுருட்டிவிடுவார். இந்தத் தப்பைப் பெரிய பெரிய உறுப்பினர்களே செய்கிறார்கள்.

எங்களுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் சுற்றுலாப் பயணிகளுக்காக அரசுப் பணத்தில் ஒரு கூடம் கட்டி, திறப்பு விழா நடத்தி, பூட்டிவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் பெரிய வீடுகளைப் பார்க்க வந்துவிட்டு ஒதுங்க இடமில்லாமல் டீக்கடையில் கெஞ்சுவார்கள். பத்து ரூபாய் வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போட்டேன்: ஏன் பூட்டிக் கிடக்கிறது? "நிர்வாகக் காரணங்களால்" என்று ஒரு வரி. அந்தச் சட்டத்தில் ஆவணத்தில் இருப்பதைத்தான் கேட்க முடியும், காரணம் சொல்லு என்று கேட்க முடியாது. இத்தனை வருஷம் பாடம் எடுத்துவிட்டு நானே அப்படிக் கேட்டிருக்கிறேன். மறுபடி போட்டேன்: கட்டிய செலவு, திறந்த தேதி, திறந்திருந்த நாள்களின் பதிவேடு, மாதாமாதம் மின்கட்டண ரசீது நகல். ரசீதெல்லாம் வந்தது. பதினான்கு மாதம் ஒரே தொகை. இப்போது சனி ஞாயிறு மட்டும் திறக்கிறார்கள்.

போன பொங்கலுக்கு சித்தப்பா வந்திருந்தார். இலங்கையில் பக்கத்தில் விழுந்த ஒரு குண்டில் இடது காது போனது அவருக்கு, ரத்தம் வராததால் அப்போது யாரும் எழுதிக்கொள்ளவில்லை. காயமடைந்தவர்கள் 3,000 பேர் அளவுக்கு என்று நான் படித்ததைச் சத்தமாக, வலது பக்கம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுல காது போனவன சேத்திருக்கானாடா?" என்று கேட்டார்.