ஜி-சி-ஈ-ஜி ட்யூனிங்கில் பழைய கார்டுகள்

வணக்கம். உகுலேலேயின் (சிறு கிட்டார் போன்ற நான்கு கம்பி வாத்தியம்) ஏ கம்பியை ஜி-க்கு இறக்கியதும் வெறுமனே மீட்டினால் அருமையாக இருக்கிறது, ஆனால் தெரிந்த பாட்டின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) எல்லாம் அபஸ்வரமாகின்றன என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து பழைய ட்யூனிங்குக்குத் திரும்பிவிடாதீர்கள். மாறியது ஒரே ஒரு கம்பி. அதில் மட்டும் ஸ்வரம் இரண்டு ப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தள்ளிப் போயிருக்கிறது, மற்ற மூன்றிலும் விரல் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

கீழே உள்ள நான்கு இலக்கங்களும், நான்காவது கம்பியான ஜி-யில் தொடங்கி நீங்கள் இறக்கிய முதல் கம்பிவரை, எந்த ப்ரெட்டில் அழுத்துவது என்பதைச் சொல்லும்; 0 என்றால் அழுத்த வேண்டாம். ஏ மைனர் 2000 இப்போது 2002. எஃப் 2010 என்பது 2012. ஜி 0232 என்பது 0234. இதில் சுண்டுவிரல் கொஞ்சம் நீள வேண்டும். வலித்தால் ஏழாவது ப்ரெட்டில் நான்கு கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்துங்கள், அதுவும் ஜி மேஜர்தான். ஐந்தாவதில் எஃப். சி-க்கு விரலே வேண்டாம்.

சுருதி பார்ப்பதும் எளிது. வழக்கமான உயர் ஜி கம்பி என்றால், முதல் கம்பியும் நான்காவதும் இப்போது ஒரே ஸ்வரம். இரண்டையும் சேர்த்துச் சுண்டுங்கள். ஒலி அலை அலையாக நடுங்கினால், அது அடங்கும்வரை முதல் கம்பியின் முறுக்காணியை மெல்லத் திருப்புங்கள். சுருதி பார்க்கும் கைபேசிச் செயலியைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

கம்பிகளைத் தளர்த்தி வாசிக்கும் ஹவாய் ஸ்லாக் கீ பாணியில் கட்டைவிரலால் பேஸ் வாசிக்க ஆசை இருந்தால், லோ ஜி கம்பி (ஒரு ஸ்தாயி தாழ்ந்த நான்காவது கம்பி) தனியாக வாங்கி மாட்டுங்கள். இருப்பதையே ஒரு ஸ்தாயி தளர்த்தினால் தொளதொளவென்று ஆகிவிடும். அப்புறம், பாடுவதற்கு சி தாழ்வாக இருந்தால் இரண்டாவது ப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போடுங்கள், டி ஆகிவிடும்.