வீட்டு கராஜில் வேலை செய்ய எத்தனை வாட் பல்ப் போடலாம்?

வாட்டை விடுங்கள், பெட்டியில் லூமனைப் பாருங்கள். லூமன் என்பது பல்ப் தரும் வெளிச்சத்தின் அளவு. வாட் அது இழுக்கும் மின்சாரம். ஈர விறகை எவ்வளவு திணித்தாலும் அடுப்பு சரியாக எரியாது, காய்ந்த விறகு கொஞ்சமே போதும். அதேபோலத்தான் பழைய 60 வாட் குண்டு பல்பின் சுமார் 800 லூமனை 9 வாட் எல்ஈடி தந்துவிடுகிறது.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் மதியமே பனிமூட்டம் இறங்கினால் கதவைத் திறந்து வைத்தும் பயனில்லை. 10க்கு 20 அடி கராஜுக்கு 8,000 முதல் 10,000 லூமன் வரை வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே விளக்காக மட்டும் வாங்கிவிடாதீர்கள். நடுக்கூரையில் ஒன்றே இருந்தால், மேசையில் குனியும்போது உங்கள் நிழலே ஆணித்தலையை மறைக்கும். நாலடி ட்யூப்களாகப் பிரித்து, ஒன்றை வேலை மேசைக்கு நேர் மேலே மாட்டுங்கள்.

அப்புறம், 6500 கெல்வின் என்றால் வெளிச்சம் கூட என்று பலர் நினைக்கிறார்கள். அது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிறது, அளவை அல்ல.