என்ஜின் லைட் எரிந்ததும் 1,450 ரிங்கிட் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் காருக்கு 9 வயது. ஒரு மாதமாக என்ஜின் லைட் எரிகிறது. சிக்னலில் நிற்கும்போது கார் உதறுகிறது. பாலிக் புலாவ் மலைச்சாலையில் இழுவையே இல்லை. பட்டறையில் ஸ்கேன் செய்தபோது பி0011 என்று வந்தது. விவிடி சாலினாய்டு, கேம் கியர் இரண்டையும் மாற்ற 1,450 ரிங்கிட் கேட்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பி0011 என்றால், என்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு, காரின் கணினி சொன்ன இடத்தைத் தாண்டி முன்னே போய் நிற்கிறது என்று அர்த்தம். எந்த பாகம் கெட்டது என்பதை அந்தக் குறியீடு சொல்லாது.

விவிடி என்பது வால்வு திறக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கை, மாற்றும் அமைப்பு. அதன் சாலினாய்டு விரல் நீளமுள்ள ஒரு மின் வால்வு; கேம் கியர், கேம் ஷாஃப்ட் முனையில் இருக்கும் சக்கரம். மின்சாரம் வந்ததும் உள்ளிருக்கும் தண்டு நகர்ந்து, கேம் கியருக்குள் என்ஜின் ஆயிலை விடும். அந்த ஆயில் அழுத்தம்தான் டைமிங்கை மாற்றுகிறது. ஆகவே ஆயில் குறைந்தாலும் கெட்டியானாலும், சாலினாய்டு நன்றாக இருக்கும்போதே இதே குறியீடு வரலாம். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள், கையேட்டில் சொன்ன கிரேடுதானா என்றும் பாருங்கள். தினமும் பாலத்து நெரிசலில் நின்று நின்று போகிற காருக்குக் கிலோமீட்டரை மட்டும் கணக்கு வைத்தால் போதாது. கார் நகராவிட்டாலும் என்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, ஆயிலும் கெட்டுக்கொண்டே வருகிறது.

ஆயில் சரியென்றால் சாலினாய்டைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். பல கார்களில் ஒரே ஒரு போல்ட்தான். சல்லடையில் கறுப்புக் கசடு அடைத்திருந்தால் கழுவினாலே சரியாகிவிடலாம். அப்புறம் மல்டிமீட்டரால் சாலினாய்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். தொயோத்தாவின் பல விவிடி-ஐ என்ஜின்களில் 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 ஓம் இருக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் சற்றுக் கூடுதலாகக் காட்டும். மற்ற கார்களுக்கு அவற்றின் சர்வீஸ் கையேட்டு அளவுதான் கணக்கு. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இன்னொன்று. கார் நின்றபடி என்ஜின் ஐடிலில் ஓடும்போது மெக்கானிக் சாலினாய்டுக்கு நேரடியாக 12 வோல்ட் சில நொடி மட்டும் கொடுக்கட்டும். என்ஜின் உதறினாலோ நின்றாலோ வால்வும் கேம் கியரும் அசைகின்றன. மாற்றமே இல்லையென்றால் இரண்டில் ஒன்று சிக்கியிருக்கிறது, அல்லது ஆயில் போய்ச் சேரவில்லை. இதைச் செய்து காட்டாமல் கேம் கியருக்குப் பணம் கேட்டால் சம்மதிக்காதீர்கள். இந்தப் பழுதில் விலை ஏறுவதே அங்கேதான்.

அதுவரை நிதானமாக ஓட்டலாம். சிவப்பு ஆயில் லைட் வந்தால் மட்டும் உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிடுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உதிரிப்பாக விலை, கூலி இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பில்லில் பாக எண் இருக்கட்டும். பழைய சாலினாய்டைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகும் அதே குறியீடு திரும்பி வந்து, பட்டறை கைவிரித்தால் இவைதான் உங்களுக்குச் சாட்சி. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுது பார்க்கும் வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும். பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை, 3 ஆண்டுக்குள் கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை; கட்டணம் 5 ரிங்கிட்.