பல் டாக்டரிடம் போகும் முன் படிக்க ஒரு கதை

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. கடைவாய்ப் பல்லில் கருப்பாகச் சொத்தை தெரிகிறது. பல் டாக்டரிடம் கூட்டிப்போனால் நாற்காலியைப் பார்த்ததுமே அழுது, வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். கதைப் புத்தகம் படித்துக் காட்டினால் பயம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: குறையும், ஆனால் எல்லாப் புத்தகமும் உதவாது. இந்த வயதில் அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாததுதான் பெரிய பயம். கண்ணைக் கூசும் லைட், தானாகச் சாய்கிற நாற்காலி, மாஸ்க் போட்ட முகம், எச்சிலை உறிஞ்சும் குழாயின் சத்தம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் பாவம், குழந்தை என்ன செய்யும்? குழந்தைகள் பல் மருத்துவர்கள் முதலில் சொல்லி, பிறகு காட்டி, அப்புறம்தான் செய்வார்கள். அதில் முதல் இரண்டையும் நல்ல புத்தகம் வீட்டிலேயே தொடங்கிவிடும்.

வாங்குமுன் நீங்கள் முழுதாகப் புரட்டிப் பாருங்கள். ஊசி, பல் பிடுங்குவது என்று மிரட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் சமாதானம் சொல்கிற கதை வேண்டாம், மிரண்ட பக்கம்தான் மனதில் நிற்கும். நாற்காலியில் ஏறுவது, குட்டிக் கண்ணாடி, பல் எண்ணுவது, இறங்கி வீட்டுக்கு வருவது என்று வரிசையாகப் போகிற கதை போதும். ஒரு வாரம் முன்பே, பகலில் அவள் குஷியாக இருக்கும்போது படியுங்கள். அப்புறம் பொம்மையைப் படுக்கவைத்து அவளையே டாக்டராக்குங்கள். அடுத்து அவள் உங்கள் மடியில் சாய்ந்து வாயைத் திறக்கட்டும், சின்ன ஸ்பூனால் தொட்டுத்தொட்டு எண்ணுங்கள், பால் பற்கள் மொத்தம் 20. அவள் கையைத் தூக்கினால் உடனே நிறுத்துங்கள். இதே சைகையை டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லி, முதல் நாள் சும்மா பார்த்து எண்ணினால் போதும் என்று கேளுங்கள்.

"வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். சொத்தையை அடைக்க ஊசி தேவைப்படலாம், அன்றைக்கு உங்கள் மீதுள்ள நம்பிக்கையே போய்விடும். "கொஞ்சம் கூசலாம், டாக்டர் சொல்லிட்டுத்தான் செய்வார்" என்றால் போதும். சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன் என்று வீட்டில் யாரும் மிரட்டவும் கூடாது, தாத்தா பாட்டி உட்பட.

இதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். விழப்போகிற பல்தானே என்று நினைக்க வேண்டாம், கடைவாய்ப் பால் பல் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியது. ராத்திரியில் வலித்து அழுதாலோ ஈறில் சீழ்க்கட்டி தெரிந்தாலோ கதைக்காகக் காத்திருக்காமல் போய்விடுங்கள், கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே.