மலையேறும் பெற்றோல் லொறி: வாசகர் கேள்விகள்

சல்லியிலிருந்து: லைட் ஏஸ் லொறி, 5கே எஞ்சின். மீன் பெட்டியோடு நுவரெலியா போகிறேன். கண்டி வரை நல்ல இழுவை. றம்பொடையில் கறுப்புப் புகை, இழுவையே இல்லை. எஞ்சினை இறக்க வேண்டுமா?

வேண்டாம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,900 மீற்றர். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டர் இழுக்கும் காற்றின் கனவளவு மாறாது, எடைதான் குறையும். பெற்றோலோ அதே விகிதத்தில் குறையாது. அதனால் கலவை பத்து வீதமளவு கொழுக்கும், அதாவது காற்றுக்குப் பெற்றோல் கூடும். இழுவையில் 15 முதல் 20 வீதம் போகும், அதை எந்த கராஜாலும் திருப்பித் தர முடியாது. பாரத்தைக் குறையுங்கள், கியரை முன்கூட்டியே இறக்குங்கள்.

ஆனால் உயரம் மட்டும் இவ்வளவு கரும்புகை தராது. உங்கள் கலவை திருகோணமலையிலேயே கொழுத்திருக்கிறது, மலை அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. முதலில் எயார் ஃபில்டர். பிறகு காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றரில், காற்று வழியை மறிக்கும் சோக் தகடு முழுதாகத் திறக்கிறதா, பெற்றோல் மட்டத்தை வைக்கும் மிதவையின் மட்டம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து: வெக்யூம் மீற்றர் இங்கே 18 அங்குலம், நுவரெலியாவில் 12. வால்வு போய்விட்டது என்கிறார் அங்குள்ள மெக்கானிக்.

அந்த மீற்றர் காட்டுவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலம், இரச அங்குலத்தில். ஆயிரம் அடி ஏறினால் ஓர் அங்குலம் குறையும். ஆறாயிரம் அடிக்கு ஆறு. கணக்குச் சரி, வால்வும் சரி. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரும் இதே வெக்யூமில்தான் வேலை செய்கிறது. பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் சாவியை மூடாதீர்கள்.

மூதூரிலிருந்து: மலைக்குப் போகும்போது காபரேற்றரில் பெற்றோல் வரும் துளையான மெயின் ஜெட்டில் ஈயம் வைத்துச் சிறிதாக்கி, திரும்பியதும் கம்பி விட்டுப் பெருப்பிக்கலாமா?

ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள் என்று எத்தனை தரம் எழுதுவது? பித்தளை மென்மையான உலோகம். துளையின் விட்டத்தை இலக்கமாகக் குத்திய ஜெட்டில் 120 என்றால் 1.20 மில்லிமீற்றர். கம்பி அதை 1.25 ஆக்கினால் துளையின் பரப்பு எட்டு வீதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாது, பெற்றோல் செலவில் தெரியும். அடைப்பு இருந்தால் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள், அவ்வளவுதான்.

ஈயம் வைப்பது அதைவிட மோசம். கழன்றால் எங்கே போகும் என்று யோசித்தீர்களா? ஜெட்டைச் சிறிதாக்க வேண்டுமானால் இலக்கமுள்ள புது ஜெட் வாங்குங்கள்: நுவரெலியா உயரத்துக்கு 120க்குப் பதில் 115 போதும். அதுவும் அங்கேயே தங்கி ஓடும் லொறிக்கு. கிழமைக்கொரு தரம் மீன் கொண்டுபோய் கரட், லீக்ஸ் ஏற்றிவரும் லொறிக்கு வேண்டவே வேண்டாம். 115ஓடு கந்தளாய் வெயிலில் முழுப் பாரத்துடன் ஓடினால் கலவை மெலிந்து பிளக் வெள்ளையாகும், எக்ஸோஸ்ட் வால்வு எரியும், கடைசியில் பிஸ்டனில் ஓட்டை விழும். கொழுத்த கலவை காசைத் தின்னும், மெலிந்த கலவை எஞ்சினைத் தின்னும்.

மேலே ஐட்லிங் தடுமாறினால் மிக்ஸ்சர் ஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே திருப்புங்கள், ஐட்லிங் வேகத்தை நிமிடத்துக்கு நூறு சுற்று கூட்டுங்கள். ஸ்குரூவை எவ்வளவு திருப்பினீர்கள் என்று எழுதிவைத்து, இறங்கியதும் பழையபடி வையுங்கள். கம்பி மட்டும் வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து: காபரேற்றருக்குப் பக்கத்திலிருந்த வட்ட டப்பாவின் ரப்பர் குழாய்களைக் கழற்றி அடைத்துவிட்டார்கள். நட்டமா?

அது உயர ஈடுசெய்யும் கருவியாக இருந்தால் நட்டம்தான். உள்ளே காற்று அடைத்த துருத்தி ஒன்று இருக்கும். வெளியழுத்தம் குறைய அது விரியும். சுமார் 1,200 மீற்றரில் வழி திறந்து காபரேற்றருக்கு மேலதிகக் காற்று போகும். சிலவற்றில் தீப்பொறி விழும் நேரமான டைமிங்கும் முன்னேறும். குழாய்களை அந்த எஞ்சினின் குழாய்ப் படத்தைப் பார்த்து மாட்டுங்கள், அதன் சிறு ஃபில்டரையும் கழுவுங்கள்.

பெயர், ஊர் இல்லை: லொறி மலையில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

என்ன லொறி? சூட்டிலா, குளிரிலா? ஒன்றும் எழுதாமல் வைத்தியம் கேட்டால் எப்படி? நீண்ட ஏற்றத்தில் சூடேறி நின்றால் பெற்றோல் குழாயில் ஆவி கட்டியிருக்கும். பொனட்டைத் திறந்து இருபது நிமிடம் ஆறவிடுங்கள். காபரேற்றருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் பேக்லைற் துண்டு இருக்கிறதா, குழாய் எக்ஸோஸ்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். பனிமூட்டக் காலையில் நின்று, சற்று நேரத்தில் தானாகச் சரியானால் காபரேற்றருக்குள் ஐஸ் பிடித்திருக்கும். எயார் கிளீனர் மூக்கிலுள்ள கைபிடியைச் சூடான பக்கம் திருப்புங்கள்.

நிலாவெளியிலிருந்து: மலைக்கு 95 பெற்றோல் அடிக்க வேண்டுமா?

இல்லை. 95 அடிப்பது எஞ்சின் தட்டாமலிருக்கத்தான், உயரத்தில் தட்டுவது குறையும். இங்கே 92இல் தட்டாத எஞ்சின் அங்கேயும் தட்டாது.

குச்சவெளியிலிருந்து: என் டீசல் லொறியின் காபரேற்றரை மலைக்கு எப்படிச் செற் பண்ணுவது?

டீசல் எஞ்சினில் காபரேற்றர் இல்லை. எயார் ஃபில்டரைப் பாருங்கள்.