அல்பாக்காவும் அட்டவணையும்

கேள்வி: எங்கள் பண்ணையில் 9 அல்பாக்காக்கள் (ரோமத்துக்காக வளர்க்கப்படும், ஒட்டகக் குடும்பத்து விலங்குகள்) உள்ளன. ஆட்டிசம் உள்ள 14 வயது மகன்தான் காலைத் தீவனம் வைப்பான், நிமிஷம் பிசகாது. போன வருஷம் ரோமம் வெட்டிய அன்று மிகவும் கலங்கிவிட்டான். இந்த முறை அதே சமயத்தில் 2 பெட்டைகள் ஈனும் போலிருக்கிறது. அவனை எப்படித் தயார் செய்வது?

பதில்: மெஷின் சத்தத்தை மட்டும் காரணமாக நினைக்காதீர்கள். வயிறு நிறைந்திருந்தால், ரோமம் வெட்டக் கிடத்தும்போது கக்கும் என்பதால் அன்று காலை தீவனம் நிறுத்துவது வழக்கம். அவன் வேலையே அன்று காணாமல் போய்விடுகிறது!

ஈற்று நெருங்கிய பெட்டைகளை அன்று கிடத்தவே கூடாது. அவற்றுக்குக் குட்டி போட்ட பிறகு வெட்டிக்கொள்ளலாம். எனவே அந்த இரண்டுக்கும் அவன் வழக்கமான நேரத்தில் தீவனம் வைக்கட்டும். மற்ற 7க்கும் ‘வெட்டி முடிந்ததும் தீவனம்’ என்று அட்டவணையில் படத்தோடு போடுங்கள். இடையில் கைக்கு வேலை வேண்டுமே: வெட்டிய ரோமத்தைப் பிரித்துப் போட உடல், கழுத்து, கால் என்று ஒவ்வொரு விலங்குக்கும் 3 பை, மொத்தம் 21. முந்தின நாளே பெயர் எழுதி அவனே அடுக்கி வைக்கட்டும். மெஷின் சத்தத்துக்கு அவன் காதுக்கு மூடி கொடுங்கள். வெட்டிய பின் கழுத்து நீண்டு, உடல் பாதியாகி, பழகிய விலங்கே வேறொன்றாகத் தெரியும். போன வருஷத்து ‘முன்–பின்’ போட்டோக்களை இப்போதே காட்டிவிடுங்கள்.

ஈற்றுக்குத் தேதி குறிக்காதீர்கள். சினைக்காலம் பதினொன்றரை மாதம் என்றாலும் வாரக்கணக்கில் முன்பின் ஆகும். காலண்டரில் அந்த வாரங்கள் முழுவதற்கும் ஒரே வண்ணம் தீட்டுங்கள். பெரும்பாலும் பகலில்தான் ஈனும் என்பது ஒரு சௌகரியம். குட்டி பிறந்ததும் தினசரி எடை அவன் பொறுப்பாகட்டும்: ஒரே நேரம், ஒரே தராசு, ஒரே நோட்டு. பிறக்கும்போது பொதுவாக 6 முதல் 8 கிலோ இருக்கும். முதல் நாள் சற்றுக் குறையலாம். அப்புறமும் ஏறாவிட்டால் பால் போதாமல் இருக்கலாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆண் குட்டியைக் கொஞ்சி வளர்க்க மட்டும் விடாதீர்கள். மனிதரைத் தன் இனமாக எண்ணி, வளர்ந்த பின் முட்டித் தள்ளக்கூடும்.

கேள்வி: தீவனம் வைக்கையில் மேலே துப்பிவிடுகின்றன. அவனுக்கு அது பிடிக்கவே இல்லை.

பதில்: துப்பல் பெரும்பாலும் பக்கத்து அல்பாக்காவுக்கானது, நடுவில் நிற்பவர் மேல் படுகிறது. தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, விலங்குகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகப் போடுங்கள். காது பின்னால் மடிந்து முகவாய் மேலே தூக்கினால் உடனே விலகிவிட வேண்டும் என்று படம் வரைந்து கொட்டில் கதவில் ஒட்டுங்கள்.